துரைசானியின் தோப்பும் மை கொட்டிய தாளும்

4 ஜூன் 1973, திங்கள்

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறும்போது கண்ணில் கரி விழுந்தது. ஆபீஸ் போய்ச் சேரும்வரை உலகத்தை ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தேன். பெரிதாக எதுவும் விட்டுப்போனதாகத் தெரியவில்லை.

திருவள்ளூரிலிருந்து இந்த வடக்கு லைன் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு மாற்றலாகி, அங்கிருந்தே தினமும் ரயிலில் வந்துபோக ஆரம்பித்து இன்றோடு இரண்டு மாதம். ரெக்கார்டு ரூம் என் பொறுப்பு. அங்கே இருப்பது நூறு வருஷத்துப் பத்திர நகல்கள், கரையான்கள், நான். வில்லங்கம் பார்க்க யாராவது மனுப் போட்டால்தான் மனித முகம் பார்க்கலாம்.

இன்று ஒருவர் வந்தார். பேர் மோசஸ். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர். ஆரம்பாக்கம் பக்கம் துரைத்தோப்பு என்ற இடத்தில் பதினொரு வீடுகள், எல்லாம் ஒரே வம்சம். தொழிற்பேட்டைக்காக அந்தத் தோப்பை அரசாங்கம் எடுக்கப்போகிறது. ஆகஸ்ட் 16 விசாரணை. அதற்குள் பத்திரம் காட்டினால் நிலம் அவர்களுடையது. நஷ்ட ஈடும் மாற்று மனையும் உண்டு. காட்டாவிட்டால் புறம்போக்கு. பதினொரு வீடும் சட்டி பானையோடு ரோட்டுக்கு வரவேண்டியதுதான்.

"தோர்ன்பி துரைன்னு ஒர்த்தரு இருந்தாரு மேடம். அவரு செத்தப்பறம் துரைசானி சீமைக்குப் போவச்சொல்ல, தோப்ப எங்க பாட்டனுக்கு எழுதிக் குட்த்துட்டுப் பூட்டாங்க."

"பாட்டன் பேர் என்ன?"

"பட்லர் தாத்தா."

"அது உத்தியோகம். பேர்?"

"பட்லர் தாத்தாதான் மேடம். எங்க அத்தையக் கேட்டாலும் அத்தத்தான் சொல்லும்."

எந்த வருஷம் என்றேன். மகாராணி காலம் என்றார். மேற்கொண்டு கேட்காமல் மனுவை வாங்கிக்கொண்டேன்.

5 ஜூன்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். காலையில் காபி குடிக்கும்போது தோர்ன்பி என்ற பேரைச் சொல்லித் தொலைத்தேன். பெரியப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"அது நம்ம தோப்புடி, வைதேஹி!"

நான் பிறந்ததிலிருந்து கேட்கிற கதைதான். கொள்ளுத்தாத்தா ராமானுஜத்தின் நேர்மையைப் பார்த்து ஒரு துரைசானி வடக்கே நாற்பது ஏக்கர் தோப்பை எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாளாம். பொறாமை பிடித்த பங்காளி எவனோ பத்திரத்தைத் திருடிவிட்டானாம். கையில் மிஞ்சியது கடைசித் தாள் மட்டும். அது எங்கள் வீட்டுப் பெருமாள் அலமாரியில் இருக்கிறது. மேலே இரண்டு வரி: 'இனி மேற்படி தோப்பைக் குறித்து நானாகிலும் என் வாரிசுகளாகிலும் சீமையிலிருந்து வந்து கேட்கமாட்டோம்.' அதன் கீழே துரைசானியின் இங்கிலீஷ் கையெழுத்து. அதற்கும் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மைக்கறை. கறையின் ஓரத்திலிருந்து தலையை நீட்டும் 'ராமானுஜம்'. மையைக் கொட்டியதும் அந்தப் பங்காளிதான் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

ஆயுத பூஜை தவறாமல் அந்தத் தாளுக்குச் சந்தனம் உண்டு. அலமாரிச் சாவி பெரியப்பாவின் பூணூலில்.

இதுவரை துரைசானி பேர் என்ன, தோப்பு எங்கே என்று நானும் கேட்டதில்லை. கதை என்றுதான் நினைத்திருந்தேன். இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு கையெழுத்தைப் படித்தேன். எலிசபெத் தோர்ன்பி. முழுசாக இருக்கிறது.

ஆக, ஒரே பத்திரத்தை இரண்டு பேர் தேடச் சொல்கிறார்கள். ஒருவர் முறைப்படி மனுக் கொடுத்தவர். இன்னொருவர், அப்பா போனபோது நாலு வயதாயிருந்த என்னை வளர்த்து, ஊரே வாயில் போட்டு மென்றபோதும் டைப்ரைட்டிங் கிளாசுக்கு அனுப்பியவர். நன்றாயிருக்கிறது என் ஜாதகம்.

9 ஜூன்

நிலவாரியான அட்டவணையைக் கரையான் ஏற்கெனவே படித்து முடித்துவிட்டது. பெயர்வாரி அட்டவணைதான் மிச்சம். 1865லிருந்து ஆரம்பித்தேன். 'தோ' வரிசையில் தோத்தாத்ரி உண்டு, தோபி முனியன் உண்டு. தோர்ன்பி இல்லை.

22 ஜூன்

1910 வரை வந்தாகிவிட்டது. 'துரை' என்று போட்டிருப்பார்களோ என்று அதையும் பார்த்தேன். துரைசாமி நூற்றுப் பதினெட்டு பேர்.

தும்மல் நிற்கவில்லை. பெரியப்பா தினமும் ஸ்டேஷனுக்கே வந்து "கெடைச்சுதா?" என்கிறார். மோசஸ் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஷிஃப்ட் முடிந்து வந்து "இன்னா மேடம், ஆப்ட்டுதா?" என்கிறார். கேள்வி ஒன்றுதான்.

3 ஜூலை

இல்லை. இல்லை. இல்லை.

15 ஜூலை, ஞாயிறு

துரைத்தோப்புக்குப் போனேன். துரையின் கல்லறைக் கல் ஒன்று இருப்பதாக மோசஸ் சொன்னார்; அதில் வருஷமாவது தெரியாதா என்ற ஆசை. அம்மாவிடம் ஆபீசில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்று பொய்.

கல் இருக்கிறது. கிணற்றடியில். மோசஸின் அத்தை சாராள் அதன்மேல் போர்வையை அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தொரை மேலதாம்மா தொவைக்கறோம். எங்கம்மா காலத்துலேந்து. ஒரு நாளு கோச்சுக்கினதில்ல."

சோப்புநுரையை வழித்துவிட்டுப் பார்த்தேன். 'ஆர்ச்சிபால்ட்' என்பது மட்டும் மங்கலாகத் தெரிகிறது. குடும்பப் பேர், பிறப்பு, இறப்பு, பைபிள் வசனம் எல்லாம் மூன்று தலைமுறைப் புடவையோடு அலசிப் போய்விட்டன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாராளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "தொரத்தினாங்கன்னா இந்தக் கல்லையும் தூக்கிக்கினு போவ முடியுமாம்மா?" என்றாள். என்னால் அதற்குமேல் சிரிக்க முடியவில்லை.

டீ கொடுத்தார்கள். குடித்தேன். அதை இங்கே எழுதலாம், வீட்டில் சொல்லமுடியாது.

மோசஸ் இன்று ஒரே எரிச்சலில் இருந்தார். கம்பெனிக்கு மெஷின் பூட்ட வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் வந்திருக்கிறாராம். மோசஸின் அப்பா பேர் சின்னராசு. வருகைப் பதிவில் மோசஸ் சின்னராசு என்று இருப்பதைப் பார்த்து அந்த ஆள் 'மிஸ்டர் சின்னராசு' என்றே கூப்பிடுகிறாராம்.

"எங்கப்பாரு செத்துப் பன்னண்டு வருசம் ஆவுது மேடம். எல்லார் எதுருலயும் செத்தவரக் கூவிக்கினு கீறான். பேஜாராக் கீது."

"அவா ஊர்ல பின்னாடி இருக்கறதுதான் பேர் மாதிரி. குடும்பத்துக்கே அது பொது" என்று சமாதானம் சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டி பொன்னேரி தாண்டியதும் உறைத்தது. அவர்கள் நம் அப்பா பேரைக் குடும்பப் பேராக எடுத்துக்கொள்கிறார்கள் என்றால், நம் ஆட்கள் அவர்கள் குடும்பப் பேரை என்னவாக எடுத்துக்கொண்டிருப்பார்கள்?

அப்பா பேராக! இனிஷியலாக!

அசடே, வைதேஹி, அசடே. ஆறு வாரமாக 'தோ'வில் குந்திக்கொண்டிருந்தாயே. பக்கத்தில் கூடைக்காரி என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

16 ஜூலை

கிடைத்துவிட்டது. பத்து நிமிஷம். 'எ' வரிசை, எத்திராஜுலுவுக்கும் எல்லம்மாளுக்கும் நடுவே, நம் வீட்டு மாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்: 'எலிசபெத்து அம்மாள், தோ.'

1889ஆம் வருஷத்துத் தானசாசனம். அப்படியே எழுதி வைக்கிறேன்:

'காலஞ்சென்ற தோ. ஆர்ச்சிபால்டு துரையவர்கள் பாரியை தோ. எலிசபெத்து அம்மாள், கிறிஸ்து மதம், ஜீவனம் துரைசானித்தனம், ஆகிய நான், என் புருஷருக்கு வாந்திபேதி கண்டபோது மற்ற வேலைக்காரர்கள் ஓடியும் தான் ஓடாமல் கடைசிமட்டும் பக்கத்தில் இருந்த பட்லர் தாவீதுக்கு எழுதிக்கொடுத்த…'

ஜீவனம் துரைசானித்தனம்! எழுதின மகராஜன் யாரோ என்று சிரித்துக்கொண்டே புரட்டினேன். தோப்பு ஆறு ஏக்கர் முப்பது சென்ட். நாற்பது இல்லை. கடைசியில், சீமையிலிருந்து வந்து கேட்கமாட்டோம் என்ற அதே வரிகள். அதன் கீழே:

'இந்தப் பத்திரம் எழுதியது திருவள்ளூர் குமாஸ்தா ராமானுஜம். முதலில் எழுதிய கடைசித் தாளில் மை கொட்டிப்போனபடியால் அதை நீக்கி வேறு தாளில் எழுதி மறுபடி கையெழுத்து வாங்கப்பட்டது.'

பெருமாளே.

எண்பத்து நாலு வருஷமா ஆத்துல சந்தனம் வெச்சு சேவிக்கறது கெட்டுப்போன தாளா? தூக்கிப் போட மனசில்லாம மடிச்சு இடுப்புல சொருகிண்டு வந்திருக்கார் கொள்ளுத்தாத்தா. துரைசானியை எலிசபெத்து அம்மாள் ஆக்கினதும் அவர்தான். என்னை ஆறு வாரம் தும்ம வெச்சதும் அவர்தான். மையைக் கொட்டினதும்…

இதை நான் எந்த வாயால் பெரியப்பாவிடம் சொல்வேன்?

17 ஜூலை

சொல்லவில்லை.

20 ஜூலை

சர்டிஃபைடு காப்பி எழுதி, சீல் போட்டு மோசஸிடம் கொடுத்தேன். அதில் எனக்கு யோசனை இருக்கவில்லை. மனுப் போட்டவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாகவேண்டும். சாராளையும் கூட்டிவந்திருந்தார். 'பட்லர் தாவீது' என்று நான் படித்ததும் அவள் நிறுத்தச் சொன்னாள்.

"இன்னா பேரு சொன்னே? இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன்.

"தாவீது" என்றாள். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "ஊருல எவனெவனுக்கோ ஜெபம் பண்ணினேன். எந் தாத்தாவுக்குப் பேரு தெரியாமலே பூடுச்சே."

பெரியப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

29 ஜூலை, ஆடி அமாவாசை

ஊரில் கால் வைக்க இடமில்லை. கோயில் குளத்தில் வேண்டுதலுக்கு வெல்லம் கரைக்க வந்த கூட்டம் எங்கள் வாசல்வரை. கோயில் கைங்கரியத்துக்கு நடுவிலும் பெரியப்பா மெட்ராஸ்காரர் ஒருவரை ஓரங்கட்டி, "வடக்கே நமக்கு நாற்பத்திரண்டு ஏக்கர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஏக்கர் புதிது.

எழுபத்தொரு வயது. சொந்தமாக ஒரு சென்ட் கிடையாது. அந்தத் தோப்பைச் சொல்லும்போது மட்டும் முதுகு நிமிர்கிறது. அதை நான் எப்படிப் பிடுங்குவேன்? பாவமாக இருக்கிறது. என்மேல் எனக்கே கோபமாகவும் இருக்கிறது.

3 ஆகஸ்ட்

மோசஸ் முகம் தொங்கிப்போய் வந்தார். நில எடுப்பு ஆபீசில் காப்பியை ஒப்புக்கொள்ளவில்லையாம். அவர்கள் கணக்கில் இருப்பது எலிசபெத் தோர்ன்பி. இதில் இருப்பது தோ. எலிசபெத்து அம்மாள்.

"இது வேற யாரோ அம்மான்றாரு மேடம். தோன்னா தோத்தாத்ரி பொண்ணாக் கூட இருக்கலாம், மதம் மாறினவங்களாருக்கும்ன்றாரு. ஒரிஜினல் எங்கன்னு கேக்கறாரு. அது எங்க தாத்தன் காலத்துப் பொயல்ல கூரையோட பூட்ச்சு. தொரைசானி கையெழுத்து ஒண்ணே ஒண்ணு, முழுப் பேரோட இருந்தா ஒத்துக்கிறேன்றாரு. அத்த எங்க போய்த் தேடறது? சீமைக்கா?"

சீமைக்குப் போகவேண்டாம் மோசஸ். திருவள்ளூரில், நான் படுக்கிற இடத்திலிருந்து மூன்றடி தள்ளி இருக்கிறது. பூட்டியிருக்கிறது.

வாயைத் திறக்காமல் தலையை ஆட்டி அனுப்பினேன். திருடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பூணூலில் இருக்கிற சாவியை எப்படித் திருடுவது?

4 ஆகஸ்ட்

சொல்லிவிட்டேன். எழுதிக்கொண்டுவந்த நகலைப் பெரியப்பா கையில் கொடுத்து, எதிரில் நின்றேன்.

நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்: "கெட்டுப்போன தாளுக்கா இருபத்தெட்டு வருஷம் நான் சந்தனம் அரைச்சேன்?"

பெரியப்பா நகலை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மோசஸுக்கு அந்தக் கையெழுத்து வேண்டும் என்பதையும் சொன்னேன். முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்டார்.

6 ஆகஸ்ட்

இன்று ஒரே ஒரு பேச்சு.

"மை கொட்டினது யாருன்னு போட்டிருக்கா?"

"இல்லை பெரியப்பா."

"தாத்தாவா இருக்காது. அந்தத் துரைசானிதான் கை தட்டி விட்டிருப்பா."

பங்காளிக்கு விடுதலை. அந்தமட்டும் சந்தோஷம்.

11 ஆகஸ்ட்

பெரியப்பா சாத்தமுது சாதத்தோடு, மோர்கூட விட்டுக்கொள்ளாமல், எழுந்துவிடுகிறார். ஸ்டேஷனுக்கு வருவதில்லை. இன்று ரயிலடியில் அவர் வழக்கமாக நிற்கிற தூணைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. "கெடைச்சுதா?" என்று அவர் நச்சரிக்கமாட்டாரா என்றிருக்கிறது.

16 ஆகஸ்ட்

லீவ் போட்டேன். காலிக் கையோடு மோசஸுக்குத் துணையாக நிற்கவாவது போவோம் என்று கிளம்பினேன். பெரியப்பா விடியற்காலையிலிருந்தே வீட்டில் இல்லை. கோயிலுக்கு என்று நினைத்தோம்.

ஸ்டேஷனில் நிற்கிறார்! பன்னிரண்டு திருமண், மடித்த அங்கவஸ்திரம், மார்போடு அணைத்த பட்டுத்துணி மூட்டை. "எந்த வண்டிடி? எனக்கு வடக்கு லைன் பழக்கமில்லை."

பேசின் பிரிட்ஜில், "தினம் இப்படியா மாறறே?" என்றார். ஜன்னலோரத்தில் தான் உட்கார்ந்து கரியைத் தான் வாங்கிக்கொண்டார்.

விசாரணை தோப்பிலேயே நடந்தது. மாமரத்தடியில் மேஜை போட்டு நில எடுப்பு ஆபீசர். பதினொரு வீடும் சுற்றி நின்றது. மோசஸைக் கூப்பிட்டு, "கையெழுத்து உண்டா, இல்லையா?" என்று கேட்டார். மோசஸ் தலை குனிந்தார். பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் மேஜைமேல் பட்டுத்துணியை அவிழ்த்தார். சந்தன வாசனை ஆபீசரையே தும்ம வைத்தது.

"இவா ஒரிஜினல் பத்திரத்தோட கெட்டுப்போன தாள் இது. மை கொட்டித்துன்னு பத்திரத்துலேயே எழுதியிருக்கு, பாருங்கோ. கையெழுத்து மேல கொட்டலை. தோர்ன்பின்னு முழுசாப் போட்டிருக்கா, படியுங்கோ."

ஆபீசர் என் காப்பியையும் தாளையும் வரிக்கு வரி ஒத்துப் பார்த்தார். 'சீமையிலிருந்து வந்து' என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டிலும் படித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஒத்துப்போகுது. சரி, பெரியவரே, உங்களுக்கும் இந்த நிலத்துக்கும் என்ன சம்பந்தம்?"

பெரியப்பா தோப்பைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். எழுபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்க்கிறார்.

"எழுதின சம்பந்தம்" என்றார். "அவ்வளவுதான்."

ஆபீசர் அதையும் எழுதிக்கொண்டார். தாளை ஃபைலில் சேர்த்து ரசீது கொடுத்தார்.

சாராள் காலில் விழ வந்தாள். பெரியப்பா பதறிப் பின்வாங்கி, அந்தக் கிணற்றடிக் கல்லிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். டீயை நீட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் மாமரத்தைப் பார்த்தேன். மோசஸ் புரிந்துகொண்டு தென்னையில் ஏறி இளநீர் பறித்துச் சீவிக் கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. "கைபடாத வஸ்து, தோஷமில்லை" என்று யாரும் கேட்காமலே பெரியப்பா எனக்கு விளக்கம் சொன்னார்.

திரும்பும்போது: "ஆறு ஏக்கர்னாலும் நல்ல தோப்புடி."

5 அக்டோபர், ஆயுத பூஜை

பெருமாள் அலமாரியில் அந்தத் தாள் இருந்த இடத்தில் ஆபீசர் கொடுத்த ரசீது. அதற்குச் சந்தனம். அம்மா அரைக்கமாட்டேன் என்றாள், பெரியப்பாவே அரைத்தார்.

20 பிப்ரவரி 1975

மாற்று மனைகள் இன்று எங்கள் ஆபீசில் ரிஜிஸ்டர் ஆயின. பதினொரு பத்திரம். துரைத்தோப்பில் கம்பெனிச் சுவர் எழும்பிவிட்டது. கல்லறைக் கல்லைப் பத்துப் பேர் சேர்ந்து மாட்டுவண்டியில் ஏற்றிப் புது மனைக்குக் கொண்டுபோய்விட்டார்களாம், சாராள் அது இல்லாமல் வரமாட்டேன் என்றதால்.

இந்த ஒன்றரை வருஷத்தில் அந்த வம்சத்தில் பிறந்த ஆண்குழந்தைகள் மூன்று. மூன்றுக்கும் தாவீது. பின்னால் ஒரு நாள் இவர்களுக்கு வில்லங்கம் பார்க்கப்போகிறவளை நினைத்து இப்போதே எனக்கு இரக்கமாக இருக்கிறது. அவளுக்காகப் பதினொரு பத்திரத்தையும் பேர், அப்பா பேர், வீட்டுப் பேர் என்று மூன்று வரிசையில் அட்டவணை போட்டேன்.

பதினொன்றுக்கும் சாட்சி பெரியப்பா. கூப்பிடாமலே முதல் வண்டியில் வந்துவிட்டார். வெயிட்டிங் பெஞ்சில் இருந்தவர்களிடம், "எங்காத்துக் கையெழுத்து இல்லாம அந்தத் தோப்புல ஒரு பத்திரம் நடந்தது கிடையாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஏக்கர் கணக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கடைசியாகச் சாராள் கைநாட்டு வைத்தபோது மணி பன்னிரண்டரை. அதுவரை, இரண்டு மணி நேரம், ஆபீஸ் மைப்புட்டியைப் பெரியப்பா ஒவ்வொரு கையெழுத்துக்கும் நீட்டி, உடனே மூடி போட்டுத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். யார் கேட்டும் மேஜைமேல் வைக்கவில்லை.